மலிவுக் கணினி, உயர்ரகக் கணினி: ஒரே கம்பெனி இரண்டையும் எப்படி விற்பது?

கீற்று (இழையைத் தொடங்கியவர்)

கணினி செய்யும் ஒரு கம்பெனி, கையில் காசு குறைவாக உள்ளவருக்கும் விற்க வேண்டும். என்ன விலையானாலும் நல்லது வேண்டும் என்பவருக்கும் விற்க வேண்டும். ஒரே பெயரை வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்வது? இதைப் பேசத்தான் இந்த இழை.

எல்லாக் கம்பெனிகளுக்கும் இதில் இரண்டு பயம் உண்டு. மலிவு மாடல் நன்றாக அமைந்துவிட்டால் உயர்ந்த மாடலை வாங்க ஆள் இருக்காது என்பது ஒன்று. மலிவு மாடல் மோசமாக இருந்தால் பெயர் கெட்டுவிடும் என்பது இன்னொன்று. பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் முதல் பயம்தான் என்று நினைக்கிறேன். ஐபிஎம்மின் பிசிஜூனியரைப் பாருங்கள்.

1981இல் வந்த ஐபிஎம் பிசி அலுவலகங்களில் நன்றாகப் போனது. வீடுகளுக்கென்று 1983 நவம்பரில் பிசிஜூனியரை அறிவித்தார்கள். 64 கேபி மாடல் 669 டாலர். பிளாப்பி டிரைவும் 128 கேபியும் உள்ள மாடல் 1,269 டாலர். வீட்டுக்கான விலை என்று சொல்ல முடியாது, ஆனாலும் ஐபிஎம் பெயருக்காக வாங்கியிருப்பார்கள். வாங்கவில்லை. ஏனென்றால் பெட்டியில் குறைத்திருந்தது எல்லாம் தினமும் கைபடும் இடங்களில். கீபோர்டில் தனித்தனியாக விலகி நிற்கும் சின்ன ரப்பர் பொத்தான்கள். எழுத்து பொத்தானின் மேல் இருக்காது, அதற்கு மேலே பலகையில் அச்சடித்திருக்கும். அதில் வேகமாகத் தட்டச்சு செய்ய முடியாது. பிசிக்கான விரிவாக்கக் கார்டுகள் இதில் பொருந்தாது. செயலியின் உதவியில்லாமல் தகவலை நகர்த்தும் டிஎம்ஏ சிப்பை எடுத்துவிட்டதால் வட்டைப் படிக்கும்போது செயலி அந்த வேலையிலேயே மாட்டிக்கொள்ளும்.

1984இல் கீபோர்டை இலவசமாக மாற்றித் தந்தார்கள், விலையையும் குறைத்தார்கள். 1985 மார்ச்சில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

இதில் எனக்கு வருத்தமான விஷயம், அந்தப் பெட்டியில் பிசியை விட நல்ல அம்சங்களும் இருந்தன. 16 நிற கிராபிக்ஸ், மூன்று குரல் ஒலி. 1984இன் கடைசியில் டேண்டி 1000 அதே கிராபிக்ஸையும் ஒலியையும் எடுத்து, ஒழுங்கான கீபோர்டும் பிசி மென்பொருள் ஓடும் வசதியும் சேர்த்து விற்றது. அது நன்றாக விற்றது. ஐபிஎம் தன் பிசியைக் காப்பாற்ற நினைத்த இடத்தில் வேறு ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

உங்கள் உதாரணங்களையும் சொல்லுங்கள்.

---

பழையபெட்டி

நல்ல இழை. நான் ஆப்பிளைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் ஒரே கம்பெனி இந்தக் கேள்விக்கு இரண்டு நேரெதிரான பதில்களை எழுதிப் பார்த்திருக்கிறது.

1990 அக்டோபரில், ஜான் ஸ்கல்லி தலைமை நிர்வாகியாக இருந்த காலத்தில், ஆப்பிளின் மேக் கணினி விலை அதிகம் என்ற புகாருக்குப் பதிலாக மூன்று பெட்டிகள் வந்தன: கிளாசிக், எல்சி, டூஎஸ்ஐ. கிளாசிக் 999 டாலர். எல்சியில் ஒரு வேலை செய்தார்கள். 32 பிட் 68020 செயலியை 16 பிட் பஸ்ஸில், அதாவது பாதி அகலமான தகவல் பாதையில், கட்டிவைத்தார்கள். ரேம் 10 எம்பிக்கு மேல் போகாது. கீற்று சொன்ன அதே பயம்தான்.

ஆனால் எல்சி விற்றது, பள்ளிகளில் நிறையவே விற்றது. உண்மையான சேதம் அதற்குப் பிறகு வந்தது. 1992இல் பெர்ஃபார்மா என்று ஒரு வரிசை. சியர்ஸ் மாதிரியான பெரிய கடைகளில் விற்பதற்கென்றே, உள்ளே இருந்த அதே மேக்குகளுக்குப் புதுப் பெயர். எல்சி டூ என்ற பெட்டிதான் பெர்ஃபார்மா 400. பவர் மேக் 6100 வந்தபோது பெர்ஃபார்மா 6110, 6112, 6115, 6116, 6117, 6118 என்று அடுக்கினார்கள். இவற்றுக்குள் வித்தியாசம் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க் அளவும் கூட வரும் மென்பொருளும்தான். கடையில் நிற்கும் விற்பனையாளருக்கே எது எது என்று தெரியாது. இதற்கு நடுவில் 1993 பிப்ரவரியில் சென்ட்ரிஸ் என்று ஒரு நடு வரிசை வந்தது, அதே வருஷம் அக்டோபரில் அந்தப் பெட்டிகளுக்குக் குவாட்ரா என்று பெயர் மாற்றினார்கள்.

1997 நிதியாண்டில் ஆப்பிளின் நஷ்டம் 100 கோடி டாலருக்கு மேல். அதற்கு இந்தக் குழப்பம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை மாடல்களைத் தயாரித்து, எது விற்கும் என்று தெரியாமல் கிடங்கில் அடுக்கி, விற்காததைத் தள்ளுபடியில் தள்ளும் செலவு சாதாரணமானதல்ல.

பிறகு ஜாப்ஸ் திரும்பி வந்து, 1998 மே மாதம் மேடையில் நான்கு கட்டம் காட்டினார். ஒரு பக்கம் பொதுமக்கள், தொழில்முறைக்காரர்கள். இன்னொரு பக்கம் மேசைக் கணினி, மடிக்கணினி. கட்டத்துக்கு ஒரு கணினி: ஐமேக், ஐபுக் (இது 1999இல்தான் வந்தது), பவர் மேக், பவர்புக். 1998 நிதியாண்டிலேயே 30.9 கோடி டாலர் லாபம். ஐமேக் விற்பனைக்கு வந்தது ஆகஸ்டில், ஆக அந்த லாபத்தில் பெரிய பங்கு ஐமேக்குக்குச் சேராது. மாடல்களையும் செலவையும் குறைத்ததற்கே பெரும்பங்கு சேரும்.

---

அரும்பு

பழையபெட்டி ஐயா, ஒரு சந்தேகம். அந்த நான்கு கட்டத்தில் மலிவு எங்கே இருக்கிறது? ஐமேக் 1,299 டாலர். அதற்கு முந்தைய வருஷமே காம்பேக் என்ற போட்டிக் கம்பெனி 999 டாலருக்குப் பிரசாரியோ விற்கத் தொடங்கிவிட்டது. ஐபுக் 1,599 டாலர். இது "மலிவும் உயர்வும்" என்ற கேள்விக்கான பதில் இல்லை. அந்தக் கேள்வியையே விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

---

பழையபெட்டி

சரியான இடத்தில் பிடித்தீர்கள். அது விலைப்படி பிரித்த கட்டம் இல்லை, ஆட்களின்படி பிரித்த கட்டம். என் வாதமும் அங்கேதான் இருக்கிறது. விலையை வைத்து வரிசை பிரித்தால், கீழ் வரிசை எப்போதும் "மேல் வரிசையில் இருந்து எதையாவது பிடுங்கியது" என்று ஆகிவிடும். ஆளை வைத்துப் பிரித்தால், ஐமேக்கில் பிளாப்பி டிரைவும் விரிவாக்க இடமும் இல்லாதது ஒரு முடிவாகத் தெரியும். வீட்டில் வைத்து இணையம் பார்ப்பவருக்கு பிசிஐ விரிவாக்கக் கார்டு எதற்கு? அதை எடுத்ததில் யாரும் ஏமாந்ததாக நினைக்கவில்லை.

இதே கம்பெனி 2000இல் தன் கட்டத்தை விட்டு வெளியே வந்து பவர் மேக் ஜி4 கியூப் செய்தது. 1,799 டாலர். பக்கத்திலேயே கார்டு போட இடமுள்ள பவர் மேக் கோபுரம் 1,599 டாலருக்குக் கிடைத்தது. அழகான பெட்டிதான், ஆனால் யாருக்கென்று தெரியவில்லை. ஒரே வருஷத்தில் நிறுத்தினார்கள்.

---

மேசைக்கணினி

ஆப்பிளையே சுற்றிச் சுற்றிப் பேச வேண்டாம். இந்தக் கேள்விக்கு வேலை செய்த பதில் ஒன்று இருக்கிறது, அதை இப்போது யாரும் நினைப்பதே இல்லை. காம்பேக்.

1982இல் ராட் கேனியனும் இன்னும் இருவரும் தொடங்கிய கம்பெனி. ஐபிஎம்முக்கு முன்பே 1986இல் இன்டெல்லின் 386 செயலியோடு டெஸ்க்புரோ என்ற மேசைக் கணினி கொண்டு வந்தவர்கள். பொறியாளர்களின் கம்பெனி. எல்லாவற்றையும் தாங்களே வடிவமைப்பார்கள், சோதனை மேல் சோதனை செய்வார்கள், அதற்கான விலையும் வாங்குவார்கள். 1990க்குப் பிறகு டெல், ஏஎஸ்டி போன்றவர்கள் அதே இன்டெல் சிப்பை வைத்து மிகக் குறைந்த விலைக்கு விற்றதும் அந்த விலை நிற்கவில்லை. 1991 மூன்றாம் காலாண்டில் சரித்திரத்தில் முதல் நஷ்டம், சுமார் 7 கோடி டாலர்.

இதற்கப்புறம் நடந்ததுதான் நாம் பார்க்க வேண்டியது. நிர்வாகக் குழுத் தலைவர் பென் ரோசன், கம்பெனி ஆட்கள் இருவரை லாஸ் வேகஸில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சிக்கு அனுப்பினார். காம்பேக் என்று சொல்லாமல், புதிதாகத் தொடங்கும் கம்பெனிக்காரர்கள் போல உதிரி பாகங்களுக்கு விலை கேட்கச் சொன்னார். அவர்களுக்குக் கிடைத்த விலை, காம்பேக் கொடுத்துக்கொண்டிருந்த விலையை விடக் குறைவு! உலகத்தின் பெரிய கணினிக் கம்பெனிகளில் ஒன்று, பெயர் தெரியாத புதுக் கம்பெனியை விட அதிக விலைக்குப் பாகம் வாங்கிக்கொண்டிருந்தது. அந்த அக்டோபரிலேயே கேனியன் போய் எக்கார்ட் ஃபைஃபர் தலைமை நிர்வாகியாக வந்தார்.

1992 ஜூனில் புரோலினியா என்ற மேசைக் கணினி, கான்டூரா என்ற நோட்புக். புரோலினியாவின் தொடக்க விலை 900 டாலருக்கும் கீழே. அதை டெஸ்க்புரோவை எடுத்து வெட்டிச் செய்யவில்லை. முதலில் விலையை எழுதிவிட்டு, அந்த விலைக்குள் என்ன செய்யலாம் என்று கீழிருந்து கட்டினார்கள். சந்தையில் எல்லோருக்கும் கிடைக்கும் பாகங்கள், தேவையான அளவு சோதனை. டெஸ்க்புரோ கம்பெனிகளுக்காகத் தொடர்ந்து இருந்தது. அடுத்த வருஷம் வீட்டுக்குப் பிரசாரியோ வந்தது. 1994இல் உலகில் அதிகமாக பிசி விற்கும் கம்பெனி காம்பேக்.

டெஸ்க்புரோவின் விற்பனை கொஞ்சம் போயிருக்கும். ஆனால் போகவிருந்தது டெல்லுக்குத்தானே? தன் வீட்டுக்குள்ளேயே போகட்டும் என்று விட்டதுதான் ஃபைஃபரின் துணிச்சல். பின்னால் 90களின் கடைசியில் காம்பேக் தடுமாறி 2002இல் ஹெச்பியோடு சேர்ந்தது வேறு கதை. டிஜிட்டல் கம்பெனியை வாங்கியது, டெல்லின் நேரடி விற்பனை என்று அதற்கு வேறு காரணங்கள்.

---

நிகழ்நிரல்

எல்லோரும் "வெட்டுவது தப்பு, கீழிருந்து கட்டுவது சரி" என்ற பக்கம் போகிறீர்கள். நான் கொஞ்சம் மறுக்கிறேன். சிப் தொழிலில் வெட்டுவதுதான் இயல்பு. வடிவமைப்புக்குப் பெரும் பணம் போகிறது, ஒரு சிப்பை அச்சிடும் செலவு அதோடு ஒப்பிட்டால் சிறியது. மலிவுக்கென்று தனி வடிவமைப்பு செய்தால் அதுவே விலையை ஏற்றிவிடும்.

1991இல் இன்டெல் 486எஸ்எக்ஸ் கொண்டு வந்தது. 486டிஎக்ஸ் சிப்பேதான், உள்ளே இருந்த கணித அலகை முடக்கியிருந்தார்கள். கணித அலகு வேண்டும் என்பவர் 487எஸ்எக்ஸ் வாங்கிப் பக்கத்தில் செருகலாம். அந்த 487 ஒரு முழுமையான 486. செருகியதும் பழைய சிப்பை அணைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே செய்யும். பலருக்குக் கோபம் வந்தது. ஆனால் கடிதம் எழுதுபவருக்கு அந்த அலகு தேவைப்படவில்லை, அவருக்கு 486 வேகம் குறைந்த விலையில் கிடைத்தது.

ஐபிஎம்மின் லேசர் பிரிண்டர் இ இன்னும் வெளிப்படையான உதாரணம். நிமிஷத்துக்கு 10 பக்கம் அடிக்கும் அதே இயந்திரத்தை 5 பக்கம் அடிக்கும்படி மென்பொருளால் காத்திருக்க வைத்து, குறைந்த விலைக்கு விற்றார்கள். பொருளாதாரத்தில் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே உண்டு. சேதப்படுத்தி விற்பதால் விற்பவர், ஏழை வாங்குபவர், பணக்கார வாங்குபவர் மூவருக்குமே நன்மை வரும் சூழ்நிலைகள் இருக்கின்றன என்று அதில் காட்டியிருக்கிறார்கள்.

---

அரும்பு

> சேதப்படுத்தி விற்பதால் மூவருக்குமே நன்மை

இதை என்னால் ஏற்க முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே ஜூல் துப்புயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ரயிலை வைத்து இதை எழுதிவிட்டார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாதது கூரைக்கான சில ஆயிரம் பிராங்க் செலவுக்காக அல்ல. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக. மழையில் நனைந்தவர் இதில் என்ன நன்மை கண்டார்?

இன்றைக்கு அதே கூரைதான் ரேம். ஆப்பிள் மடிக்கணினிகளில் 2024 அக்டோபர் வரை அடிப்படை மாடல் 8 ஜிபி. இன்னொரு 8 ஜிபிக்கு 200 டாலர். சிப்போடு சேர்த்தே வருவதால் பின்னால் போட்டுக்கொள்ளவும் முடியாது. கடன் வாங்கி அடிப்படை மாடலை வாங்கும் மாணவர்தான் அதை அதிக வருஷம் வைத்திருப்பார். அவருக்குத்தான் குறைவான ரேம். பிறகு அதே விலைக்கு 16 ஜிபி கொடுத்தார்கள், அதனால் கம்பெனி ஒன்றும் மூழ்கவில்லை.

---

நிகழ்நிரல்

ரேம் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். நான் சொல்வது, எதை வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. இன்டெல்லின் மலிவுச் செயலியான செலரானிலேயே இரண்டும் நடந்தது.

1998 ஏப்ரலில் முதல் செலரான், 266 மெகாஹெர்ட்ஸ். உயர்ந்த வரிசையான பென்டியம் டூவில் இருந்து எல்2 கேஷை (செயலி அடிக்கடி கேட்கும் தகவலை வைக்கும் வேகமான நினைவகம்) முழுவதுமாகப் பிடுங்கிவிட்டார்கள். அன்றாட வேலைகளில் பழைய பென்டியம் எம்எம்எக்ஸோடு போட்டி போடவே திணறியது. அதே ஆகஸ்டில் 300ஏ வந்தது. 128 கேபி கேஷ்தான், பென்டியம் டூவில் 512 கேபி. ஆனால் இது சிப்புக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் டூவின் கேஷ் வெளியே பாதி வேகத்தில் ஓடியது. பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸில் இருந்து 100க்கு ஏற்றினால் பல சிப்கள் 450 மெகாஹெர்ட்ஸில் நிம்மதியாக நின்றன. விலை உயர்ந்த பென்டியம் டூ 450ஐ விளையாட்டுகளில் தொட்டுவிட்டது.

முதல் பயத்தின்படி இன்டெல் அழிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. சிரிக்ஸ், ஏஎம்டி என்ற போட்டிச் சிப் கம்பெனிகள் பிடித்துக்கொண்டிருந்த மலிவுச் சந்தையில் இன்டெல் மறுபடி காலூன்றியது.

எம்1 மேக்புக் ஏரும் அப்படித்தான், 2020 நவம்பர். புரோவில் இருந்த அதே சிப். எடுத்தது விசிறியை. அடிப்படை மாடலில் 8 கிராபிக்ஸ் கோருக்குப் பதில் 7, ஒரு கோர் பழுதான சிப்களும் வீணாகாமல் இதில் போய்விடும். நீண்ட நேரம் வீடியோ ஏற்றுமதி செய்பவருக்கு மட்டும்தான் விசிறி இல்லாதது தெரியும். மற்றவருக்குச் சத்தமில்லாத கணினி கிடைத்தது. இந்தியாவில் 92,900 ரூபாய்க்கு வந்தது, அதை மலிவு என்று சொல்லவில்லை, எடுத்த இடத்தைத்தான் சொல்கிறேன்.

---

சாலிடர்

லேப்டாப் ரிப்பேர் வேலையில் இருக்கிறேன். சிப் பற்றி நீங்கள் எல்லாம் பேசிவிட்டீர்கள். எங்கள் மேசைக்கு வருவது பெரும்பாலும் சிப்பால் இல்லை, ஹிஞ்சால் (மூடியின் கீல்).

மலிவு மாடல்களில் மூடியின் ஹிஞ்ச் திருகுகள் பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளைக் குமிழ்களில் பிடித்திருக்கும். ஹிஞ்ச் நாளாக நாளாக இறுகும். ஒரு நாள் திறக்கும்போது குமிழ் பிளாஸ்டிக்கோடு பிடுங்கிக்கொண்டு வரும். மூடி விரியும், டிஸ்ப்ளே கேபிள் அறுபடும், சில நேரம் டிஸ்ப்ளேவும் போகும். இதில் கம்பெனி மிச்சம் பிடித்தது ஒரு சின்ன உலோகத் தகடு. வாங்கியவருக்குச் செலவு பேனலோடு சேர்த்துப் பல ஆயிரம்.

அடுத்தது சார்ஜர் ஜாக். மதர்போர்டிலேயே சாலிடர் செய்திருந்தால் ஜாக் ஆடினால் போர்டையே கழற்ற வேண்டும். தனி ஒயரில் வந்தால் சில நூறு ரூபாயில் முடியும். விலை உயர்ந்த மெல்லிய மாடல்களிலும் இப்போது போர்டிலேயேதான் யுஎஸ்பி-சி வருகிறது, அதனால் இதை மலிவு மாடலின் குற்றம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

ஸ்டோரேஜ்: மிக மலிவான மாடல்களில் 64 ஜிபி இஎம்எம்சி என்ற மலிவுச் சேமிப்புச் சிப் போர்டிலேயே ஒட்டி வருகிறது. விண்டோஸ் பெரிய அப்டேட் இறக்க இடம் போதாது. அதை மாற்ற வழியும் இல்லை. எஸ்எஸ்டி செருக ஒரு எம்.2 ஸ்லாட் வைத்திருந்தால் வாங்கியவர் பின்னால் கையில் காசு வரும்போது பெரிதாகப் போட்டுக்கொள்வார்.

என்னைக் கேட்டால் மலிவு மாடலில் இவற்றைத் தாராளமாகக் குறைக்கலாம்: உடலின் உலோகம், எடை, மெல்லிய வடிவம், செயலியின் வேகம், டிஸ்ப்ளேவின் பிரகாசம் ஓரளவு, விரல்ரேகை, பேக்லைட் கீபோர்டு. கனமாக, பருமனாக இருந்தால் யாருடைய வேலையும் கெடாது. ஹிஞ்ச், கீபோர்டின் உழைப்பு, பேட்டரியைக் கழற்றும் வசதி, ரேம் ஸ்லாட், இவற்றில் கை வைக்கக் கூடாது.

இன்னொன்று, வரிசைகளுக்கு நடுவே பாகங்கள் பொதுவாக இருந்தால் எல்லோருக்கும் லாபம். ஒரே சார்ஜர், ஒரே பேட்டரி. உயர்ந்த மாடலுக்கு வந்த ஸ்பேர் மலிவு மாடலுக்கும் ஆகும். இப்போது ஒவ்வொரு மாடலுக்கும் தனி பேட்டரி, இரண்டு வருஷத்தில் அசல் கிடைக்காது, கைக்குக் கிடைத்த போலியைப் போட்டு அது உப்பி வருகிறது.

---

கீற்று

சாலிடர் அண்ணா, இந்த இழையிலேயே பயனுள்ள பதிவு உங்களுடையதுதான். பிசிஜூனியரின் கீபோர்டும் நீங்கள் சொல்லும் ஹிஞ்சும் ஒரே தவறு.

---

பழையபெட்டி

மலிவு வரிசையை வேறு ஆளிடம் விட்டுவிடும் வழியும் ஒன்று உண்டு, அதையும் ஆப்பிள் செய்து பார்த்தது. 1995 முதல் மேக் இயங்குதளத்தை மற்றவர்களுக்கு உரிமம் கொடுத்தார்கள். அவர்கள் கீழ்ச் சந்தைக்குப் போய் மேக்கைப் பரப்புவார்கள் என்று எதிர்பார்ப்பு. பவர் கம்ப்யூட்டிங் கம்பெனி கீழே போகவில்லை, மேலே வந்தது. ஆப்பிளை விட வேகமான மேக் செய்து, ஆப்பிளின் லாபம் நிறைந்த வாடிக்கையாளர்களை எடுத்துக்கொண்டது. 1997இல் 10 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து அந்த மேக் தொழிலை ஆப்பிளே திரும்ப வாங்கி மூடியது. காம்பேக் தன் கையாலேயே புரோலினியாவைச் செய்ததன் அருமை இதைப் பார்த்தால் புரியும்.

---

மேசைக்கணினி

பெயர் விஷயமும் முக்கியம் ஐயா. லெனோவோ 2005இல் ஐபிஎம்மின் பிசி தொழிலை வாங்கியபோது திங்க்பேட் பெயரை வீட்டு மாடலில் ஒட்டவில்லை. 2008இல் ஐடியாபேட் என்று தனிப் பெயர் வைத்தார்கள். டெல் இதற்கு எதிராக, 2025 ஜனவரியில் இன்ஸ்பிரான், லாட்டிட்யூட், எக்ஸ்பிஎஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டெல், டெல் புரோ, டெல் புரோ மேக்ஸ் என்றது. அதற்குள் பிளஸ், பிரீமியம் வேறு. அடுத்த ஜனவரியிலேயே எக்ஸ்பிஎஸ் பெயர் திரும்ப வந்துவிட்டது. மக்கள் பல வருஷம் நம்பி வாங்கிய பெயரைத் தூக்கிப் போடக் கூடாது.

---

அரும்பு

கடைசியாக ஒன்று கேட்கிறேன். கல்லூரிக்குப் போகும் தம்பிக்கு வாங்க வேண்டும். 35,000 ரூபாய்க்குள் புதிய மலிவு மாடலா, கம்பெனிகளில் இருந்து வரும் பழைய உயர்ரக மாடலா?

---

சாலிடர்

பழைய உயர்ரகம். கம்பெனிகள் லீஸ் முடிந்து கழிக்கும் திங்க்பேட் டி வரிசை, லாட்டிட்யூட், எலைட்புக் இவற்றைப் பாருங்கள். உண்மையில் கணினிக் கம்பெனிகளின் மிகச் சிறந்த மலிவு வரிசை இதுதான், ஆனால் பெரும்பாலும் அதன் லாபம் அவர்களுக்குப் போவதில்லை, இடையில் இருக்கும் வியாபாரிக்குப் போகிறது. அவர்களே திரும்ப எடுத்து, புது பேட்டரி போட்டு, ஒரு வருஷ வாரண்டியோடு எல்லா ஊரிலும் விற்றால் புதிதாக மட்டமான ஒன்றைச் செய்ய வேண்டியதே இல்லை. சில கம்பெனிகள் சில நாடுகளில் செய்கிறார்கள், நம் பக்கம் அது இன்னும் பரவலாக வரவில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் 8ஆம் தலைமுறைக்குக் கீழே எடுக்காதீர்கள், 10 அல்லது 11 கிடைத்தால் நல்லது. பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) பாஸ்வேர்டு இருக்கிறதா என்று கடையிலேயே உள்ளே போய்ப் பாருங்கள். பேட்டரியின் உண்மையான கொள்ளளவைப் பார்க்க, கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம். டி வரிசையில் சில மாடல்களில் ஒரு ரேம் ஸ்லாட்தான் இருக்கும், மீதி போர்டில் ஒட்டியிருக்கும், மாடல் எண்ணை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.